வழிகாட்டி நூலுக்கும் ஸனது வேண்டும்: மாமல்லபுரக் கடற்கரையை முன்வைத்து

சென்ற ஆண்டு நம் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களை ஒரு நாள் மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்வதென்று முடிவானபோது, இரண்டு கேள்விகள் நம் முன் வைக்கப்பட்டன. முதலாவது, வயதில் மூத்த ஆசிரியர் ஒருவருடையது. "ஹதீஸும் ஃபிக்ஹும் ஓதுகிற பிள்ளைகளுக்கு அந்தக் கோயில் சிற்பங்களில் என்ன பாடம் இருக்கிறது, மௌலவி?" என்றார். இரண்டாவது, மாணவர் ஒருவருடையது. "போகும்போது எந்தப் புத்தகத்தைக் கையில் கொண்டுபோவது, ஹஜ்ரத்?" என்றார். முதற்கேள்விக்கு அன்று சுருக்கமாகவே விடை சொன்னோம். இரண்டாவது கேள்விக்கு விடை தேடத் தொடங்கியபோதுதான் முதற்கேள்வியின் முழு விடையும் அதற்குள்ளேயே அடங்கியிருப்பது தெரிந்தது. அத்தேடலின் விளைவே இக்கட்டுரை.

ஓர் ஊரைச் சுற்றிப் பார்க்க உதவும் நூல்கள் இரு வகையின. பேருந்து நேரம், தங்குமிடம், உணவகம் ஆகியவற்றைச் சொல்பவை ஒரு வகை. அவற்றின் ஆயுள் குறைவு. இன்று அவ்வேலையைக் கைப்பேசியே செய்துவிடுகிறது. ஊரின் கட்டடங்களையும், அவற்றை எழுப்பிய மக்களின் வரலாற்றையும் நம்பிக்கைகளையும் விளக்குபவை மற்றொரு வகை. நாம் பேசவிருப்பது இவ்விரண்டாம் வகையைப் பற்றி. இத்தகைய நூலை வாங்குவோருள் பெரும்பாலோர் கவனிப்பது படங்களின் அழகையும் தாளின் வழுவழுப்பையும்தான். நாம் முன்வைக்க விரும்பும் அளவுகோல் வேறு. அது நம் முன்னோரிடமிருந்து பெற்றது.

முன்னோர் வகுத்த அளவுகோல்

பைத்துல் முகத்தஸில் பிறந்த புவியியல் அறிஞர் அல்முகத்தஸீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 375 (கி.பி. 985) அளவில் 'அஹ்ஸனுத் தகாஸீம்' என்னும் நூலை எழுதினார்கள். இஸ்லாமிய நாடுகளின் நகரங்கள், பள்ளிவாசல்கள், சந்தைகள், நீர்நிலைகள், மக்களின் பேச்சு வழக்கு, அளவைகள் என எல்லாவற்றையும் அந்நூல் பேசுகிறது. அதன் பெருமை செய்தித் திரளில் மட்டும் இல்லை. தம் செய்திகள் மூன்று வழிகளில் வந்தவை என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார்: தாமே கண்டவை, நம்பத்தக்கவரிடம் கேட்டவை, நூல்களில் படித்தவை. கண்டதையும் கேட்டதையும் படித்ததையும் ஒரே பானையில் இட்டுக் கலக்காத இந்த நேர்மை, ஹதீஸ் கலை வளர்ந்த மண்ணில் விளைந்த நேர்மையாகும். ஒரு செய்தியைக் கேட்டால் 'யார் சொன்னார்?' என்று வினவும் பழக்கமே ஸனது என்னும் அறிவிப்பாளர் தொடராக நம்மிடம் முறைப்பட்டது.

ஹிஜ்ரி 845இல் (கி.பி. 1442) மறைந்த அல்மக்ரீஸீ (ரஹ்) அவர்கள் கெய்ரோ நகரைப் பற்றி எழுதிய 'அல்கிதத்' இவ்வகை நூல்களில் தலையாயது. தெருத் தெருவாக, பகுதி பகுதியாகச் சென்று, பள்ளிவாசல், மத்ரஸா, குளிப்பகம், சந்தை ஆகிய ஒவ்வொன்றையும் அது விவரிக்கிறது. கட்டியவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அது நகர்ந்துவிடுவதில்லை. அவ்விடத்தில் முன்பு என்ன இருந்தது, பின்னர் யார் கைக்குப் போனது என்பதையும் தொடர்கிறது.

நம் நாட்டில் ஸர் ஸையித் அஹ்மத் கான் 1847இல் தில்லியின் கட்டடங்களைப் பற்றி 'ஆஸாருஸ் ஸனாதீத்' என்னும் உருது நூலை வெளியிட்டார். குதுப் மினாரின் உயரத்தில் உள்ள கல்வெட்டுகளைப் படிப்பதற்காக அவர் கயிற்றில் தொங்கவிடப்பட்ட கூடையில் அமர்ந்து எழுதிய செய்தி பலரும் அறிந்தது. ஆனால் அந்நூலின் இரண்டு பதிப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. முதற்பதிப்பின் நடை அலங்காரமானது. 1854இல் வந்த இரண்டாம் பதிப்பில் அவர் அலங்காரத்தைக் களைந்து, எளிய நடையில், காலக்கணிப்புகளைத் திருத்தி, ஆதாரங்களைக் காட்டி எழுதினார். அதே வேளையில், தில்லியின் ஆலிம்கள், கவிஞர்கள், கலைஞர்கள் பற்றி முதற்பதிப்பில் இருந்த பகுதி இரண்டாம் பதிப்பில் இடம்பெறவில்லை. கட்டடங்களைப் பற்றிய செய்தி துல்லியமாயிற்று; மனிதர்கள் மறைந்தனர். மூன்றாண்டுகளில், 1857இல், அம்மனிதர்களுள் பலரின் உலகமே அழிந்ததை எண்ணும்போது, நீக்கப்பட்ட அப்பகுதியின் அருமை மேலும் புலப்படுகிறது.

இம்மூவரிடமிருந்தும் நாம் பெறும் அளவுகோலை மூன்று வினாக்களாகச் சுருக்கலாம். நூல் தான் சொல்வதை எவ்வாறு அறிந்தது என்று சொல்கிறதா? கட்டடத்தின் முழு வாழ்வையும், அதாவது முன்னும் பின்னும் நேர்ந்ததையும், காட்டுகிறதா? அவ்விடத்தில் வாழ்ந்த, வாழ்கிற மனிதர்களுக்கு அதில் இடமுண்டா? இனி மாமல்லபுரம் பற்றிய நூல்களை இவ்வினாக்களோடு அணுகுவோம்.

அறுந்துபோன ஒரு ஸனது

மாமல்லபுரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் முறையாக எழுதப்பட்ட தொடக்ககாலக் கட்டுரை வில்லியம் சேம்பர்ஸ் என்பவருடையது. அவர் 1772இலும் 1776இலும் இவ்வூருக்கு வந்தார். அவருடைய கட்டுரை 1788இல் 'ஆசிய ஆராய்ச்சிகள்' முதல் தொகுதியில் வெளியாயிற்று. அதன் தலைப்பு, இவ்வூரைச் சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே சில மைல் தொலைவில் உள்ள இடமென்றும், மாலுமிகள் 'ஏழு கோபுரங்கள்' என்று அழைக்கும் இடமென்றும் அறிமுகப்படுத்துகிறது. அன்று சதுரங்கப்பட்டினமே அறியப்பட்ட ஊர். மாமல்லபுரத்தை அதைக் கொண்டே அடையாளம் காட்ட வேண்டியிருந்தது.

கடலுக்குள் மூழ்கிய கோயில்களின் செப்புத் தகடு போர்த்த உச்சிகள் சூரிய உதயத்தில் ஒளிர்ந்ததை ஊரின் முதியோர் கண்டிருந்ததாக ஊர்மக்கள் தம்மிடம் கூறினர் என்று சேம்பர்ஸ் பதிவு செய்தார். இங்கே ஓர் அறிவிப்பாளர் தொடர் இருக்கிறது: முதியோர் கண்டனர், மக்கள் கேட்டனர், சேம்பர்ஸ் எழுதினார். தொடர் வலுவற்றதாக இருக்கலாம், ஆனால் மறைக்கப்படவில்லை. அவருக்குப் பின் எழுதிய பலரும் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு தொடரை உதறிவிட்டனர். 'ஏழு கோயில்களுள் ஆறு கடலில் மூழ்கிவிட்டன' என்பது ஐயத்துக்கு இடமில்லாத வரலாற்று உண்மை போல இன்றும் சுற்றுலாக் கையேடுகளில் அச்சாகிறது.

2002இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் கடலடியில் தேடியபோது, சுவர் போன்ற கட்டுமானங்களையும் சிதறிய செதுக்குக் கற்களையும் கண்டனர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையில் புதைந்திருந்த சில பாறைச் செதுக்கல்களை வெளிக்கொணர்ந்தது. கடலோரத்தில் கட்டடங்கள் அழிந்திருக்கின்றன என்பதற்கு இவை சான்றுகளாகும். ஆறு கோயில்கள் என்ற எண்ணிக்கைக்கும் செப்பு உச்சிகளுக்கும் இவை சான்றாகா. நல்ல வழிகாட்டி நூல் இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழித்துக் காட்டும். எனவே கடையில் நூலைப் புரட்டும்போது முதலில் இந்தப் பக்கத்தைத் தேடிப் படிப்பது நல்ல சோதனையாகும்.

நம் மாணவர் ஒருவர் நுழைவாயிலருகே வாங்கிய சிறு கையேடு இச்சோதனையில் தோற்றது. ஒரு பக்கத்தில் ஐந்து இரதங்களைப் பஞ்சபாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடமென்றது. நான்கு பக்கம் கடந்து அவற்றைப் பல்லவர் குடைந்த கோயில்கள் என்றது. இரண்டும் எவ்வாறு பொருந்தும் என்ற வினாவே அதை எழுதியவருக்கு எழவில்லை. தருமராஜ இரதம், வீம இரதம், திரௌபதி இரதம் என்பன பிற்கால மக்கள் வழக்கில் அமைந்த பெயர்கள். இன்று தருமராஜ இரதம் எனப்படுவது தன் கல்வெட்டில் 'அத்யந்தகாம பல்லவேச்வர கிருகம்' என்றே குறிக்கப்படுகிறது. திரௌபதி இரதத்தின் உள்ளே இருப்பது கொற்றவை. இவை தேர்களுமல்ல, பாண்டவர் குடில்களுமல்ல.

நான்கு நூல்கள்

இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட சி. சிவராமமூர்த்தியின் 'மகாபலிபுரம்' என்னும் ஆங்கிலச் சிறுநூல் 1952இல் வந்தது. பின்னர்ப் பலமுறை மறுபதிப்புக் கண்டது. ஆசிரியர் வடமொழிப் புலமையும் சிற்ப இலக்கண அறிவும் ஒருங்கே பெற்றவர். எந்த உருவம் எது, அதன் கை அமைதி எதைக் குறிக்கிறது என்பதைச் சில சொற்களில் தெளிவாக்குவதில் இந்நூல் இன்றும் பயன்மிக்கது. சுருக்கமே அதன் சிறப்பு. அதுவே அதன் குறையும் ஆகும். விவாதத்துக்குரிய செய்திகளும் முடிந்த முடிவுகள் போல அதில் நிற்கின்றன.

எடுத்துக்காட்டாக, இக்கோயில்களை எடுப்பித்தவர் யார் என்னும் வினாவைக் கொள்வோம். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட மாமல்லன் என்னும் முதலாம் நரசிம்மவர்மனே பெரும்பாலானவற்றுக்கு உரியவன் என்பது நெடுங்காலக் கருத்து. 1962இல் இரா. நாகசாமி மாமல்லபுரச் சின்னங்கள் அனைத்தும் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராஜசிம்மனுடையவை என்று வாதிட்டார். 'அத்யந்தகாமன்' என்ற பட்டப்பெயர் யாருக்குரியது என்பது அவ்விவாதத்தின் மையங்களுள் ஒன்று. குடைவரைகளை ஆழ்ந்து ஆய்ந்த கே. ஆர். சீனிவாசன் போன்றோர் பழைய கருத்தின் பக்கமே நின்றனர். விவாதம் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. நாகசாமி 2008இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழி வெளியிட்ட 'மகாபலிபுரம்' கல்வெட்டுகளையும் இலக்கியத்தையும் இணைத்துப் பேசும் செறிவான கையேடாகும். அதைக் கற்றுத் தேர்ந்த ஒரு தரப்பின் வாதமாகக் கொண்டு, எதிர்த்தரப்பையும் அருகில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு மத்ஹபின் நூலைப் படிக்கும்போது மற்ற இமாம்களின் கருத்தையும் அறிந்துகொள்ளும் பழக்கம் நம் மாணவர்களுக்கு உண்டு. அப்பழக்கம் இங்கே பயன் தருகிறது.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த மைக்கேல் லாக்வுட், புள்ளியியல் அறிஞர் கிஃப்ட் சிரோன்மணி, தாவரவியல் அறிஞர் பி. தயானந்தன் ஆகிய மூவரும் 1974இல் 'மகாபலிபுர ஆய்வுகள்' என்ற ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்டனர். லாக்வுட் 1993இல் மாமல்லபுரச் சின்னங்களுக்கு ஒரு கையேடும் எழுதினார். இவர்களுள் எவரும் தொல்லியல் துறையின் அலுவலர் அல்லர். அருகிலிருந்த கல்லூரி ஒன்றின் ஆசிரியர்கள். ஓய்வு நாட்களில் மீண்டும் மீண்டும் வந்து, கண்டு, அளந்து, கல்வெட்டைப் படித்து எழுதியவர்கள். நாம் காட்டிய அளவுகோலின் முதல் வினாவுக்கு இவர்கள் எழுத்தே நிறைவான விடை தருகிறது. முடிவை மட்டும் நம் கையில் திணிக்காமல், அம்முடிவுக்கு வந்த வழியையும் காட்டுகிறார்கள். வேண்டுமாயின் நாமும் அதே கல்லின் முன் நின்று சரிபார்க்கலாம்.

தமிழில், அதே கல்லூரியில் தமிழ் கற்பித்த சா. பாலுசாமியின் 'அர்ச்சுனன் தபசு: மாமல்லபுரத்தின் இமயச் சிற்பம்' தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஏறக்குறைய 30 மீட்டர் நீளமுள்ள ஒரே பாறைச் சிற்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முழுநூல் எழுதியிருக்கிறார். அச்சிற்பம் அர்ச்சுனன் தவத்தைக் காட்டுகிறது என்பது ஒரு கருத்து. அது கங்கை இறங்கிவரும் காட்சி என்று பிரெஞ்சு அறிஞர் கொலூபெவ் 1914இல் எழுதினார். மயிலை சீனி. வேங்கடசாமி 'மகாபலிபுரத்து ஜைன சிற்பம்' என்ற நூலில் அதைச் சகரன் புதல்வர் பற்றிய சமணக் கதையாகக் கண்டார். பாலுசாமியோ அங்குள்ள விலங்குகள், மரங்கள், மக்களின் தோற்றம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, களம் இமயமலை என்றும் பொருள் அர்ச்சுனன் தவமே என்றும் நிறுவ முயல்கிறார். அவர் முடிவை ஏற்பதும் மறுப்பதும் படிப்போர் உரிமை. ஒரு கல்லைப் பார்ப்பது என்றால் என்ன என்பதை இந்நூல் போலக் கற்பிக்கும் தமிழ் நூல்கள் மிகச் சிலவே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தமிழ்ப் படிப்பாளிகளுள் பலருக்கு மாமல்லபுரத்தை முதன்முதலாகக் காட்டிய நூல் கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை தொடராக வந்த அப்புதினம் எத்தனையோ பேரை இக்கடற்கரைக்கு வரவழைத்திருக்கிறது. அதற்காக நன்றி பாராட்டலாம். ஆயினும் அதை வரலாற்றுக் கையேடாகச் சுமந்து வருவோர், கற்பனைப் பாத்திரமாகிய ஆயனரை ஒவ்வொரு பாறையிலும் தேடுகின்றனர். கதையை வீட்டில் படித்து மகிழலாம். பாறையின் முன் நிற்கும்போது வேறு நூல் வேண்டும்.

ஒரே நூலை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்போருக்கு நம் விடை இது: லாக்வுட்டின் கையேடு கிடைத்தால் அதை எடுத்துக்கொள்க, கிடைக்காவிடில் சிவராமமூர்த்தியைக் கையிலும் பாலுசாமியைப் பையிலும் வைத்துக்கொள்க. எந்நூலாயினும் அதன் பதிப்பு ஆண்டைப் பார்க்கத் தவற வேண்டாம். மாவட்டத்தின் பெயரே நூலின் வயதைச் சொல்லிவிடும். 1997இல் பிரிக்கப்படும்வரை இது செங்கல்பட்டு மாவட்டம். அதன்பின் காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பர் முதல் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டம். ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் சாளுவன்குப்பத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழமையான செங்கல் முருகன் கோயில், அதற்கு முந்தைய எப்பதிப்பிலும் இராது.

தூணின் மொழி

இனி மூத்த ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். இச்சிற்பங்களில் நம் பிள்ளைகளுக்கு என்ன பாடம்?

அல்பீரூனீ (ரஹ்) அவர்கள் கி.பி. 1030 அளவில் இந்தியாவைப் பற்றி எழுதியபோது, வடமொழி கற்று, இந்நாட்டவர் தம்மைப் பற்றிச் சொல்வதை அவர்கள் சொல்லியவாறே எடுத்துரைத்தார்கள். தம் நூல் வாதப்போருக்கு எழுதியதன்று என்று முன்னுரையிலேயே தெளிவுபடுத்தினார்கள். அண்டைவீட்டாரின் வழிபாட்டில் பங்குகொள்வது வேறு. அவர்கள் எதை வழிபடுகிறார்கள் என்பதைச் சரியாக அறிந்துகொள்வது வேறு. பின்னதற்கு மார்க்கத்தில் தடை இல்லை. அறியாமையால் விளையும் தவறான பேச்சுக்கே தடை உண்டு. பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் நிலையைக் கண்டு சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுவதை நம் மாணவர்கள் ஓதியிருக்கிறார்கள்.

இரண்டாவது காரணம் நம் சொந்த வீட்டைப் பற்றியது. ஐந்து இரதங்களில் திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிசையின் வடிவம்; வீம இரதம் வண்டிக்கூண்டு போல வளைந்த கூரை உடையது; சகாதேவ இரதம் யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாடம்; தருமராஜ இரதம் அடுக்கடுக்காக உயரும் விமானம். மரத்திலும் ஓலையிலும் கட்டிப் பழகிய வடிவங்களைத் தச்சர்கள் கல்லுக்குக் கொண்டுவந்தனர். மேலிருந்து கீழாகச் செதுக்கிவந்ததால் சிலவற்றின் அடிப்பகுதி முற்றுப்பெறாமல் நிற்கிறது. முற்றுப்பெறாத இடங்களே வேலை நடந்த முறையை நமக்குக் கற்பிக்கின்றன. தூண், அதன் மேல் போதிகை, அதன் மேல் உத்தரம், வெளியே நீளும் கொடுங்கை என்று இவ்வுறுப்புகளின் பெயர்களை ஒருமுறை கற்றுக்கொண்டவர், கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கல் பள்ளிவாசல்களுக்குள் நுழையும்போது வியப்படைவார். அதே தூண்கள், அதே போதிகைகள். உருவங்கள் மட்டும் இல்லை, அவ்விடத்தில் பூவும் கொடியும் கோலமும் இருக்கும். தமிழ்க் கல்தச்சரின் மொழியில் நம் முன்னோர் தம் தொழுகைக் கூடத்தை எழுதினர்.

இப்பள்ளிவாசல்களை அளந்து, வரைபடம் தீட்டி, மெஹர்தாத் ஷுகூஹி 2003இல் தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றி விரிவான ஆங்கில நூல் வெளியிட்டார். நம் பள்ளிவாசலின் நீள அகலத்தை வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அறிஞர் அளந்து சொல்லும்வரை நாம் அளக்கவில்லையே என்ற நாணம் அந்நூலைப் புரட்டும்போதெல்லாம் எழுகிறது.

நம் கரையின் எழுதப்படாத பக்கங்கள்

அந்நாணத்தை இக்கடற்கரையிலேயே உணரலாம். மாமல்லபுரத்துக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் கோவளம்; தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் சதுரங்கப்பட்டினம்; மேலும் தெற்கே கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை. மாமல்லபுர நூல்களில் இவற்றுக்கு இடம் இல்லை, அல்லது ஒரு வரிதான் உண்டு. பல்லவர் கலையைப் பற்றி எழுத வந்தவரை அதற்காகக் குறை கூறுவது நியாயமன்று. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் விட்டுச்சென்ற கோட்டையும் எழுத்துப் பொறித்த கல்லறைகளும் இருக்கின்றன; அவற்றைத் தேடி வருவோரும் எழுதுவோரும் உண்டு. கோவளத்தையும் ஆலம்பரையையும் யார் எழுதுவது?

கோவளத்தில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் ஒரு கோட்டை கட்டியதையும், அது 'ஸஆதத் பந்தர்' என்று பெயர் பெற்றதையும் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். ஸஆதத் என்னும் அரபுச் சொல்லுக்கு நற்பேறு என்று பொருள். பந்தர் என்னும் பாரசீகச் சொல்லுக்குத் துறைமுகம் என்று பொருள். 1750இல் பிரெஞ்சுக்காரர் சூழ்ச்சியால் அதைக் கைப்பற்றினர். 1752இல் இராபர்ட் கிளைவ் அதை வென்று, அடுத்துச் செங்கல்பட்டுக் கோட்டையையும் வென்றார். இத்தனை பதிவு இருந்தும், சுற்றுலாக் குறிப்புகளில் அது 'டச்சுக் கோட்டை' என்றே அறிமுகமாகிறது. ஆலம்பரையும் பதினெட்டாம் நூற்றாண்டில் முஸ்லிம் ஆட்சியாளர் கையில் இருந்த துறைமுகக் கோட்டை. அங்கே நாணயச் சாலை இருந்தது. 1750இல் முஸஃப்பர் ஜங் அதைத் துய்ப்ளேக்கு வழங்கினார். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றிச் சிதைத்தனர். இன்று செங்கல் மதில்களின் எச்சம் மட்டும் உப்புக்காற்றில் கரைந்துகொண்டிருக்கிறது.

பிறர் நம்மை விட்டுவிட்டனர் என்று முறையிடுவது எளிது. நாமே எழுதியவற்றை அதே அளவுகோலால் அளக்கும்போதுதான் உண்மை உறைக்கிறது. கோவளத்தில் தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்ஹா பல ஊர் மக்களை ஈர்ப்பது. அப்பெருந்தகை நபித்தோழர் என்றும், அவர்களுடைய உடல் கடல் வழியே இக்கரையை அடைந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இதைக் கூறும் சிறு வெளியீடுகளை நாம் படித்திருக்கிறோம். எந்த நூலில் கண்டது, எவரிடம் கேட்டது என்ற குறிப்பு அவற்றில் இல்லை. பத்ருப் போரில் கலந்துகொண்டோரின் பட்டியலில் அன்ஸாரிகளிடையே தமீம் என்ற பெயருடையோர் ஒருவருக்கு மேற்பட்டோர் உளர். ஹிஜ்ரி ஒன்பதாம் ஆண்டில் இஸ்லாத்தை ஏற்ற தமீமுத் தாரீ (ரலி) அவர்களோ வேறொருவர், அன்ஸாரியும் அல்லர். இவர்களைப் பிரித்தறிய இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் 'அல்இஸாபா' நம் கல்லூரி நூலகத்திலேயே இருக்கிறது. அலமாரியிலிருந்து எடுத்துப் பார்ப்பதற்கு என்ன தடை?

மக்களின் அன்பைக் குலைப்பது நம் நோக்கமன்று. 'இது வாய்மொழி வழக்கு' என்று சொல்வதால் அவ்வழக்கின் மதிப்புக் குறைந்துவிடாது. கரையோர மக்கள் தம்மை அரபகத்தோடு எவ்வாறு பிணைத்துக்கொண்டனர் என்பதற்கு அதுவே அரிய சான்று. ஹதீஸில் ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என்று தரம் பிரிக்கக் கற்றவர்கள், தம் ஊர் வரலாற்றில் மட்டும் தரம் பிரிக்க மறுப்பது முரணல்லவா? நுழைவாயிலில் விற்ற கையேட்டைக் கண்டு சிரித்த நாமே, நம் வாசலில் விற்கும் வெளியீட்டைக் கண்டு மௌனம் காக்கிறோம். ஜெ. ராஜா முகம்மது 2004இல் சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல்சார் வரலாற்றை ஆவணங்களின் துணைகொண்டு எழுதி ஒரு வழி காட்டினார். அவ்வழியில் ஊருக்கு ஒரு நூலாவது வர வேண்டும்.

மாமல்லபுரம் சென்ற அன்று மாலை, திரும்பும் வழியில் கோவளத்தில் இறங்கினோம். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு கொடுத்திருந்தோம். அதில் 'கண்டது', 'கேட்டது', 'படித்தது' என்று மூன்று பத்திகள். மாமல்லபுரத்தில் மூன்று பத்திகளும் நிறைந்தன. கோவளத்தில் ஸியாரத்தை முடித்து, அங்கிருந்த பெரியவர் ஒருவர் சொன்னதையெல்லாம் மாணவர்கள் ஆர்வத்தோடு எழுதிக்கொண்டனர். 'கேட்டது' பத்தி இரண்டு பக்கங்களுக்கு நீண்டது. மறுநாள் வகுப்பில் குறிப்பேடுகளைத் திருத்தியபோது, புத்தகம் பற்றிக் கேட்ட அதே மாணவருடைய ஏட்டில் கோவளத்துக்கு உரிய 'படித்தது' பத்தி வெறுமையாக இருந்தது. ஏன் என்று கேட்டோம். "இன்னும் படிக்கவில்லை, ஹஜ்ரத். படிக்காததை எழுதக்கூடாதல்லவா?" என்றார்.

முழு மதிப்பெண் அவருக்கே கொடுத்தோம். இன்ஷா அல்லாஹ், வரும் ஆண்டு ஆலம்பரைக்குச் செல்லவிருக்கிறோம். அதற்குள் அந்தப் பத்தியை நிரப்ப வேண்டிய பொறுப்பு மாணவர்களுடையது மட்டுமன்று. இம்முறை குறிப்பேட்டோடு அளவு நாடாவையும் எடுத்துச் செல்வோம்.